கணினிக்குச் சாதி தெரியாது என்கிறார்கள்; அது யாருக்குப் பதில் சொல்லும்?

இடஒதுக்கீடு, நியாயவிலைக் கடை, தூய்மைப் பணி என எதைப் பற்றி இணையத்தில் எழுதினாலும், முன்பின் அறிமுகமில்லாத ஒருவர் வந்து சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "எல்லாவற்றையும் கணினியிடம் விட்டுவிடுங்கள். கணினிக்குச் சாதி தெரியாது." இப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரும் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். வட்டாட்சியர் அலுவலகத்தில் லஞ்சம் கொடுத்துச் சலித்தவர்களும் சாதிச் சான்றிதழுக்காகப் பல நாள் அலைந்தவர்களும் அவர்களுள் உண்டு. அதிகாரியின் வாசலில் கைகட்டி நிற்காமல் கைப்பேசியிலேயே விண்ணப்பம் அனுப்ப முடிவது, காலனியில் வாழும் ஒருவருக்கு உண்மையிலேயே ஒரு விடுதலை. அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் வாதம் அங்கே நிற்பதில்லை. மனிதர்கள் பாகுபாடு காட்டுவார்கள், மென்பொருள் காட்டாது என்று அது அரசைப் பற்றித் தொடங்குகிறது. மலக்குழிக்குள் இறங்க ரோபோ வந்துவிட்டது, இனி என்ன குறை என்று தொழில்நுட்பத்துக்கு வருகிறது. மனிதகுலம் செவ்வாயில் குடியேறப்போகும் காலத்தில் இன்னும் சாதியைப் பேசுகிறீர்களே என்று அறிவியல் புனைகதையில் முடிகிறது. மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இது பொழுதுபோக்குச் சச்சரவு அன்று. அரசாணைகளுக்கும் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களுக்கும் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு தாக்கல் செய்யும் பதில் மனுக்களுக்கும் பின்னால் இருப்பது இதே நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி.

பதிவேடும் ஒரு நிரல்தான்

நிரல் என்பது மந்திரம் அன்று. 'இன்னது இருந்தால் இன்னதைச் செய்' என்னும் கட்டளைகளின் வரிசை அது. அத்தகைய கட்டளைகளை இந்நாட்டு அரசு, கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே எழுதிவிட்டது.

2024 அக்டோபர் 3 அன்று, சுகன்யா சாந்தா எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளில், கைதியின் சாதியைப் பார்த்து வேலை ஒதுக்கும் விதிகள் இருந்தன. சமையலறைக்கு இன்னார், துப்புரவுக்கு இன்னார் என்று அவை வகுத்து வைத்திருந்தன. அவ்விதிகள் அரசியலமைப்பின் 14, 15, 17, 21, 23 ஆகிய உறுப்புகளுக்கு முரணானவை என்று நீதிமன்றம் அறிவித்தது. சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிக் கலத்தை நீக்கவும் உத்தரவிட்டது. நம் பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து அடைத்த நடைமுறையும் அத்தீர்ப்பில் பேசப்பட்டது. மோதலைத் தவிர்க்கவே பிரிக்கிறோம் என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்பு ஏற்றிருந்தது; உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கையேட்டை நடைமுறைப்படுத்திய சிறைக் காவலருக்குத் தனிப்பட்ட சாதி வெறுப்பு இருந்திருக்க வேண்டும் என்ற தேவையே இல்லை. கலத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். அதற்கு நேரே எழுதியிருந்த வேலையைக் கொடுத்தார். இயந்திரம் செய்வதும் இதுவே. வெறுப்பு இல்லாமலே வெறுப்பின் வேலையைச் செய்து முடிக்க விதிகளால் முடியும்.

உடலை அடையாளமாக்கி அரசு பதிந்து வைப்பதும் ஆதாருடன் தொடங்கியது அன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே பிறப்பின் அடிப்படையில் குற்றவாளிகளாகப் பதிவு செய்தது. 1911ஆம் ஆண்டின் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிந்து, பதிவு செய்யப்பட்டோரின் கைரேகையை எடுக்கவும் வழி செய்தது. அந்தப் பதிவேட்டுக்கும் 'உணர்ச்சி' எதுவும் இருக்கவில்லை.

சாதி கேட்காமலே சாதியைக் கண்டடைவது எப்படி?

"சிறைக் கையேட்டில் சாதிக் கலம் இருந்தது. ரேஷன் மென்பொருளில் அது இல்லையே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

சாதியைக் கேட்காத கணினி வேறு எதையெல்லாம் கேட்கிறது என்று பாருங்கள். பெயர் எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கைரேகை தெளிவாக விழ வேண்டும். குடும்பத்துக்கெனத் தனிக் கைப்பேசி எண் வேண்டும். வீட்டு முகவரிக்குச் சான்று வேண்டும். இனி இவற்றை நம் மக்களின் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். பள்ளியில் ஆசிரியர் எழுதிய பெயர் ஒன்று. குடும்ப அட்டையில் எழுத்தர் எழுதிய பெயர் இன்னொன்று. ஆதாரில் ஏறிய பெயர் மூன்றாவது. செங்கல் சூளையிலும் கல் குவாரியிலும் தூய்மைப் பணியிலும் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது. புறம்போக்கில் கட்டிய வீட்டுக்குப் பட்டா கிடையாது. சாதி என்ற சொல்லே இல்லாமல், சாதி உண்டாக்கிய வறுமையின் தடயங்களைக் கொண்டு இந்தக் கணினி நம்மை அடையாளம் கண்டு விலக்கிவிட முடியும்.

2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று அக்குடும்பத்தின் அட்டை அதற்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது. பசியால் இறந்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றது அரசு. அவளுடைய தாய் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மரணத்தின் காரணம் பற்றிய சர்ச்சை ஒருபுறம் இருக்கட்டும். அந்த வீட்டுக்கு அரிசி நின்றுபோனதற்கு யார் காரணம்? அட்டையை நீக்கிய கை எது? 'இணைப்பு இல்லை' என்பது ஒரு கணினி நிலை. அதைக் கூண்டில் ஏற்ற முடியாது.

தெலங்கானாவில் நடந்தது இன்னும் தெளிவானது. 'சமக்ர வேதிகா' என்ற அமைப்பு, வாகனப் பதிவு, சொத்து உள்ளிட்ட பல அரசுத் தரவுத்தளங்களை ஒன்றாகச் சேர்த்து, ஒருவர் நலத்திட்டத்துக்குத் தகுதியானவரா என்று கணிக்கிறது. ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவரின் மனைவியை, கார் வைத்திருப்பவரின் குடும்பம் என்று அது முடிவு கட்டியது, பெயர் ஒத்திருந்த ஒரே காரணத்தால். அம்மாநிலத்தில் 2016 முதல் நீக்கப்பட்ட ஏறத்தாழ 19 லட்சம் குடும்ப அட்டைகளை நேரடிக் கள ஆய்வின் மூலம் மறுபடி சரிபார்க்குமாறு 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கணினி நொடியில் செய்ததைத் திருத்த, அலுவலர்கள் வீடுவீடாகச் செல்ல வேண்டும் என்றது நீதிமன்றம்.

"நம் நாட்டில் செயல்படுத்தும் முறைதான் கோளாறு, வெளிநாட்டில் இப்படி நடக்காது" என்று அடுத்த பதில் வரும். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோர்கள், பெரும்பாலும் புலம்பெயர்ந்த பின்னணி கொண்டவர்கள், மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டார்கள். வரித்துறையின் இடர்க் கணிப்பு முறை அதில் ஒரு பங்கு வகித்தது. அந்த விவகாரத்தில் 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது. ஆஸ்திரேலியாவில் நலத்தொகை பெற்ற ஏழைகள்மீது தானியங்கி முறையில் பொய்க் கடன் சுமத்திய 'ரோபோடெட்' திட்டத்தை ஓர் அரச விசாரணை ஆணையம் ஆராய்ந்து 2023இல் அறிக்கை அளித்தது. அங்கே விசாரணையாவது நடந்தது. இங்கே விசாரிக்கப்பட வேண்டியது யார் என்பதே தெரிவதில்லை.

மலக்குழிக்கு முன்பே மணிக்கட்டுக்கு வந்த கருவி

இரண்டாவது வாதம் ரோபோ பற்றியது. கேரளத்தின் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'பாண்டிகூட்' என்னும் மலக்குழி துப்புரவு இயந்திரம் 2018 முதல் பயன்பாட்டில் இருக்கிறது, தமிழகத்துக்கும் வந்திருக்கிறது. நல்ல கருவி. எல்லா ஊராட்சிக்கும் அது வர வேண்டும்.

ஆனால் தொழில்நுட்பம் எந்தத் திசையில் வேகமாக வருகிறது, எந்தத் திசையில் நத்தை போல ஊர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நாக்பூரிலும் சண்டிகரிலும் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் இருப்பிடம் காட்டும் கடிகாரங்கள் கட்டப்பட்டன. அவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதை அலுவலகத்தில் இருந்தபடியே பார்க்கலாம். நூறு நாள் வேலையில் பணியாளர்களை நாளுக்கு இருமுறை படம் எடுத்துச் செயலியில் ஏற்றுவது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. படம் ஏறாவிட்டால் உழைத்த நாளுக்குக் கூலி சிக்கலாகும். அதே செயலியில் சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம் எடுத்த படங்களும் ஏற்றப்படுவதாக 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. மோசடி நிற்கவில்லை; உழைப்பவரின் தலைமேல் கண்காணிப்பு மட்டும் ஏறியது.

ஒப்பந்ததாரர் பாதுகாப்புக் கருவி கொடுத்தாரா என்று கண்காணிக்க ஒரு கடிகாரம் வந்ததா? வன்கொடுமைப் புகாரைப் பதியாமல் திருப்பி அனுப்பும் காவல் நிலையத்தை நாளுக்கு இருமுறை படம் எடுக்க ஒரு செயலி வந்ததா? கருவி எப்போதும் கீழ்நோக்கியே திரும்பியிருக்கிறது.

கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடைப் பணியாளர்களை ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டத்துக்காகக் கணக்கெடுத்தபோது, 2024இல் வெளிவந்த விவரப்படி, பதிவான சுமார் 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 1993 முதல் இத்தகைய மரணங்களில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது. இங்கு இறந்தவர்கள் 200க்கும் மேற்பட்டோர். ஆக, இயந்திரம் இல்லாத இடத்தில் இயந்திரமாக ஆக்கப்படுவது யார் என்பதில் ஐயம் இல்லை.

சட்டத்துக்குள்ளேயும் இந்தக் கருவி மயக்கம் புகுந்திருக்கிறது. கையால் மலம் அள்ளும் பணிக்குத் தடை விதிக்கும 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைப் பிரிவுக்கு ஒரு விளக்கம் உண்டு. ஒன்றிய அரசு அறிவிக்கும் கருவிகளையும் பாதுகாப்பு உடைகளையும் கொண்டு மலத்தை அகற்றுபவர், 'கையால் மலம் அள்ளுபவர்' எனக் கருதப்பட மாட்டார். வேலையும் அதே, செய்பவரும் அவரே. ஒரு கையுறையைக் கொடுத்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அவருடைய பெயர் மாறிவிடும். மறுவாழ்வு உரிமையும் கேள்விக்குள்ளாகும். 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மலக்குழி மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இறந்த பிறகு தர வேண்டிய தொகை உயர்ந்திருக்கிறது. உயிரோடு இருப்பவரை இறக்கியவருக்குத் தண்டனை கிடைப்பதுதான் இன்னும் அரிதாக இருக்கிறது.

அம்பேத்கர் எந்தப் பக்கம் நின்றார்?

இவ்வளவையும் கேட்ட பிறகு, "நீங்கள் தொழில்நுட்பத்துக்கே எதிரி" என்பார்கள். இது அறியாமை.

இராட்டையையும் கிராமத்தையும் இலட்சியமாக்கிய காந்தியத்தை, காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதோருக்குச் செய்தது என்ன என்ற 1945ஆம் ஆண்டு நூலில் அண்ணல் அம்பேத்கர் கடுமையாக விமர்சித்தார். இயந்திரமும் நவீன நாகரிகமும் மனிதனை விலங்கு நிலை உழைப்பிலிருந்து மீட்டு ஓய்வையும் பண்பாட்டையும் தரவல்லவை என்பதே அவருடைய வாதம். இயந்திரத்தால் தீமை விளைகிறது என்றால் பழி இயந்திரத்தின்மீது அன்று, அதன் பயனைச் சிலரே எடுத்துக்கொள்ள விடும் சமூக அமைப்பின்மீது என்றார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் போன்ற நீர்வள, மின்சாரத் திட்டங்களின் தொடக்கப் பணிகளில் பங்காற்றியவரும் அவரே. தலித் அரசியல் இயந்திரத்துக்கு அஞ்சிய அரசியல் அன்று. பயன் யாருக்கு என்று கேட்ட அரசியல்.

நாளைய உலகில் யார் துப்புரவு செய்வார்?

அறிவியல் புனைகதையை எள்ளி ஒதுக்க வேண்டாம். அது விளையாட்டுப் பேச்சாகத் தோன்றினாலும், எந்த உலகம் சாத்தியம் என்று ஒரு சமூகம் நினைக்கிறதோ அதன் வரைபடம் அதில் இருக்கிறது.

'ரோபோ' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' நாடகத்திலிருந்து உலகுக்கு வந்த சொல் அது. அதன் வேரான 'ரோபோட்டா', பண்ணையாருக்குக் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும். தமிழில் இதற்குத் துல்லியமான சொல் இருக்கிறது: வெட்டி வேலை. ஊருக்காகக் கூலியின்றி உழைக்க விதிக்கப்பட்டவர்கள் யார் என்பதை நாம் அகராதி பார்த்து அறிய வேண்டியதில்லை. கட்டாய உழைப்பை இயந்திரத்தின்மீது ஏற்றலாம் என்ற கனவு, அதை மனிதர்மீது ஏற்றிப் பழகிய உலகிலிருந்துதான் பிறந்தது.

ரொக்கையா ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் வெளிவந்தது நம் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆங்கிலப் பெண்கள் இதழில். சூரிய வெப்பத்தில் சமையல், வானில் பறக்கும் ஊர்தி என்று அறிவியலை அதில் ஆள்வது பெண்கள். வீட்டுக்குள் அடைக்கப்படுவது ஆண்கள். கருவி யார் கையில் என்ற கேள்வியை நூறாண்டுக்கு முன்பே அக்கதை எழுப்பியது. பெரியார் 1940களில் வெளியிட்ட 'இனிவரும் உலகம்' எல்லோரிடமும் கம்பியில்லாத் தொடர்புக் கருவி இருக்கும் என்றும், தெருக்கூட்டுவது, கழிப்பிடம் துப்புரவு செய்வது போன்ற வேலைகளை இயந்திரம் ஏற்கும் என்றும் எதிர்பார்த்தது. முதலாவது நடந்துவிட்டது, குடிசையிலும் கைப்பேசி இருக்கிறது. இரண்டாவது ஏன் நடக்கவில்லை? அறிவியல் போதாமையால் அன்று. அந்த வேலையைச் செய்ய மலிவாக ஒரு சாதி கிடைக்கும்வரை இயந்திரத்துக்குச் செலவிட யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

சுஜாதா 1980களில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயரும் எண்ணும் உண்டு. நாட்டை ஆளும் ஜீவா உண்மையில் ஒளியால் ஆன ஒரு பிம்பம் என்பது பின்னர் தெரியவருகிறது. உடலே இல்லாத ஆட்சியாளனை யாரும் கேள்வி கேட்க முடியாது; பின்னால் இருந்து இயக்குபவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். 'சர்வர் வேலை செய்யவில்லை' என்று நியாயவிலைக் கடையில் திருப்பி அனுப்பப்படும் ஒருவருக்கு இந்தக் கதை புனைவாகத் தோன்றாது. எதிர்காலத்தில் சாதி இருக்காது என்று சொல்கிற அந்த அறிமுகமில்லாத நண்பரிடம் கேட்க வேண்டியது இதுதான்: உங்கள் விண்வெளிக் குடியிருப்பில் கழிவறையைக் கழுவுவது யார்? அண்மையில் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைகதைகளை ஒரு தொகுப்பாகவே கொண்டுவந்திருப்பது நல்ல அறிகுறி. எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் உரிமையையும் நாம் மற்றவருக்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை.

சட்டம் கேட்கச் சொல்வது என்ன?

2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் நான்கு நீதிபதிகள் நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கட்டாயமாக்கும் 7ஆம் பிரிவை ஏற்றார்கள். நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டார். ஒரு மனிதரின் கண்ணியமும் உரிமையும் கணிப்பு முறைகளையும் நிகழ்தகவையும் நம்பி நிற்கக் கூடாது என்பது அவருடைய தீர்ப்பின் சாரம். அது சிறுபான்மைத் தீர்ப்பு. ஆனாலும் பெரும்பான்மைத் தீர்ப்பு நம் கையிலிருந்து பறித்துவிடாத உரிமைகள் இருக்கின்றன.

முதலாவது, காரணம் கேட்கும் உரிமை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(டி) பிரிவு, நிர்வாக முடிவால் பாதிக்கப்படுபவருக்கு அதன் காரணத்தைத் தர வேண்டியது அரசின் கடமை என்கிறது. 'கணினி ஏற்கவில்லை' என்பது காரணம் ஆகாது. இரண்டாவது, நீக்கும் முன் அறிவிப்பு. ஒருவரைக் கேட்காமல் அவருடைய உரிமையைப் பறிக்கக் கூடாது என்னும் இயற்கை நீதிக் கோட்பாடு, முடிவை எடுப்பது எழுத்தரா நிரலா என்று பார்ப்பதில்லை. மூன்றாவது, வெளிப்படைத்தன்மை. நிரலின் பிழை விகிதம் என்ன, யாரிடமிருந்து வாங்கப்பட்டது என்று கேட்டால் வணிக இரகசியம் என்பார்கள். அதே சட்டத்தின் 8(1)(டி) பிரிவிலேயே, பொதுநலன் மிகுந்திருந்தால் தகவலைத் தரலாம் என்றும் இருக்கிறது.

நான்காவது மிக முக்கியமானது: சாதிவாரிக் கணக்கு. நீக்கப்பட்ட அட்டைகளில், நிறுத்தப்பட்ட ஓய்வூதியங்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? 'கணினிக்குச் சாதி தெரியாது' என்ற பெருமை இங்கே அரசுக்கு வசதியாகிவிடுகிறது. எண்ணாததை எவரும் நிரூபிக்க முடியாது. சிறைப் பதிவேட்டில் சாதிக் கலத்தை நீக்கச் சொன்னதை வரவேற்றுவிட்டு இங்கே கேட்பது முரண் அன்று. அங்கே சாதி வேலையை ஒதுக்கப் பயன்பட்டது. இங்கே பாதிப்பை அளக்கப் பயன்படும். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எடுக்கப்பட இருக்கும் நிலையில், நலத்திட்டத் தரவுகளையும் அதோடு ஒப்பிட்டுத் தணிக்கை செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை இப்போதே எழுப்ப வேண்டும்.

எனவே, அட்டையோ ஓய்வூதியமோ கூலியோ நின்றுபோன குடும்பம் நம்மிடம் வந்தால், முதல் வாரத்திலேயே தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் ஒன்றை எழுதுவோம். எந்த நாளில் நீக்கப்பட்டது, எந்த விதியின்படி, எந்தத் தரவை நம்பி, எந்தப் பதவியில் உள்ள அதிகாரி ஒப்புதல் அளித்தார் என்ற நான்கு கேள்விகளையும் அதில் தனித்தனி எண் இட்டுக் கேட்போம். நான்காவது கேள்விக்கு வரும் பதிலைப் பத்திரப்படுத்துவோம். நீதிமன்றத்தில் எதிர்மனுதாரராகச் சேர்க்க நமக்குத் தேவைப்படுவது அந்தப் பதவிதான்.